மிதிக்கக் கூடாத கொல்லை

கண்ணாத்தாளுக்கு மண்ணை நக்கிப் பார்க்கும் பழக்கம் உண்டு. பசிக்காக அல்ல, பிள்ளைத்தாய்ச்சி ஆசையும் அல்ல. வைத்தியர் கையால் நாடி பிடிப்பதை இவள் நாக்கால் பிடிப்பாள், அவ்வளவுதான். எந்த ஊருக்கு நடவுக்குப் போனாலும் வரப்பில் கால் வைத்ததும் ஒரு சிட்டிகை எடுத்து நுனி நாக்கில் வைப்பாள். கண்ணை மூடிக்கொண்டு, "இது பரவால்ல" என்றோ, "இதுக்குக் கொஞ்சம் திமிரு" என்றோ தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் புடவையைத் தூக்கிச் செருகுவாள். ஒருமுறை நாகூர்ப் பக்கம் நடவுக்குப் போனவள் ஒரு வயலை நக்கிவிட்டு, "இந்த வரப்புல மூணு வருசத்துக்கு முந்தி ஒரு புருசன் பொண்டாட்டி சண்டை நடந்திருக்கு" என்றாளாம். வயலுக்குச் சொந்தக்காரர் ஆடிப்போய், "நடந்தது வாஸ்தவம். ஆனா நாலு வருசம் ஆவுது" என்றாராம். நம்பாதவர்கள் நாகூருக்குப் போய் விசாரித்துக்கொள்ளலாம். அந்த மனிதர் இப்போது உயிரோடு இல்லை என்பது வேறு விஷயம்.

அவள் ஊர் சேந்தங்கரை. கடலைப் பார்க்கப் போகிற அவசரத்தில் காவிரி கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் முழங்கால் தண்ணீராக மூச்சு வாங்குகிற கடைமடை. கீழத்தெருவின் கடைசிக் குடிசை கண்ணாத்தாளுடையது. வீட்டில் அவளும் புருஷன் மாரியப்பனும் மட்டும்தான். ஒரே மகளைத் திருவாரூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று. குடிசைக்குப் பின்னால் கொல்லை, கொல்லை முடிகிற இடத்தில் வாய்க்கால். குடிசை நின்ற மனையும் கொல்லையும், வாய்க்காலுக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய வயலும் மிராசுதாருக்குச் சொந்தம். மிராசுதார் தஞ்சாவூரில் மாடி வீட்டில் இருந்தார். ஊரில் அவருடைய கண்ணாகவும் வாயாகவும் இருந்தவர் காரியக்காரர் பஞ்சநாதன். அந்த வாய்க்கு ஒருநாளும் ஓய்வு கிடையாது.

கொல்லையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது உவர்க் கொல்லை. பங்குனி வெயிலில் வெள்ளை பூத்து, தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு யாரோ வேட்டி உலர்த்தியிருப்பது போலத் தெரியும். எருக்கஞ்செடி முளைத்தாலும் இரண்டு இலை விட்டு, தப்பான வீட்டுக்கு வந்துவிட்ட விருந்தாளி மாதிரி விழித்து, மூன்றாம் நாள் கருகிவிடும். பக்கத்து ஊர் வண்ணார் வந்து துணி வெளுக்க அந்த மண்ணைக் கூடையில் வாரிக்கொண்டு போவார். அந்தக் கொல்லையால் உலகத்துக்கு இருந்த ஒரே உபகாரம் அதுதான். கண்ணாத்தாளே அதை நக்கிப் பார்த்து, "கருவாட்டுப் பானையைக் கழுவின தண்ணி" என்று சொல்லி, வருஷக்கணக்காகத் திரும்பிப் பார்க்காமல் விட்டிருந்தாள்.

திரும்பிப் பார்க்க வைத்தது சட்டம்.

சென்னையில் கழக ஆட்சி நடந்த காலம். தஞ்சாவூர்ச் சீமையில் கூலிச் சண்டை, அறுவடைச் சண்டை, வெளியூர் ஆளை இறக்கிய சண்டை என்று ஒரு போகம் விட்டு ஒரு போகம் ஏதாவது ஒன்று நடந்துகொண்டிருந்தது. கூலி உயர்த்திக் கேட்டால், "மனையைக் காலி பண்ணு" என்பதுதான் அதுவரை பஞ்சநாதன் எடுக்கிற கடைசி ஆயுதம். அந்த ஆயுதத்தை மழுங்கடிக்கிற மாதிரி, குடியிருக்கிற மனை குடியிருக்கிறவர்களுக்கே என்று ஒரு சட்டம் வந்தது. செங்கொடிச் சங்கத்துத் துரைராசு தெரு முனையில் நின்று அதை விளக்கினான்.

"மனை மட்டும் இல்ல. வீட்டுக்குப் பின்னாடி நீங்க புழங்குற கொல்லையும் சேத்திதான். தாலுகா ஆபீஸ்லேருந்து ஆர்.ஐ. வந்து பாப்பாரு. புழக்கத்துல எது இருக்கோ அதை அளந்து குடுப்பாரு."

"புழக்கம்னா?" என்று கேட்டாள் கண்ணாத்தாள்.

"அவரை பூசணி போட்டிருக்கணும், எருக்குழி இருக்கணும், மாடு கட்டியிருக்கணும். உங்க கொல்லையில என்ன இருக்கு அக்கா?"

"உப்பு இருக்கு."

தெரு சிரித்தது. துரைராசு சிரிக்கவில்லை. கண்ணாத்தாளும் வீட்டுக்குத் திரும்பும்போது சிரிப்பை விட்டுவிட்டாள். ஏனென்றால் வழியிலேயே பஞ்சநாதன் எதிர்ப்பட்டார்.

"துரைராசு சட்டம் பேசினானாக்கும்?" என்றார். "பேசட்டும். மனையை எடுத்துக்க, யாரு வேணாம்னா? ஆனா கொல்லை உன் அனுபவத்துல இல்ல பாரு. ஒரு மொளகாச் செடி வச்சிருக்கியா? சும்மா கெடக்குற தரிசு. ஆர்.ஐ. வந்து பாத்துட்டுப் போனதும் கருவ முள்ளு வெட்டி வேலி போடச் சொல்லி ஐயா உத்தரவு."

"வேலி போட்டா வாய்க்காலுக்கு நாங்க எப்புடிங்கய்யா போறது?"

"களத்துமேட்டைச் சுத்திக்கிட்டுப் போ. நான் வேணாம்னு சொல்லப்போறேனா?" என்று சொல்லிவிட்டு, மீசைக்குள் ஒரு புன்னகையை வைத்துக்கொண்டு போனார்.

வேணாமென்று அவர் சொல்கிற நாள் எப்போது வருமென்று கண்ணாத்தாளுக்குத் தெரியும். கூலிச் சண்டை வருகிற அன்றைக்கு வரும். களத்துமேடு மிராசுதாருடையது. குடிக்கிற தண்ணீருக்கும், குளிக்கிற தண்ணீருக்கும், காலைக்கடனுக்கும் அவர் மண்ணை மிதித்துத்தான் போக வேண்டுமென்றால், மனைக்குப் பட்டா வந்தும் குடுமி அவர் கையில்தான். அந்தக் கொல்லை அவளுக்கு வேண்டும். வேண்டுமானால் அதில் ஏதாவது முளைத்தாக வேண்டும்.

மண்ணைத் திருத்துவது அவளுக்குத் தெரியாத வித்தையா என்ன? நெல் விளைகிற நாட்டில் பிறந்தவள். தண்ணீர் கட்டு, தழை வெட்டிப் போடு, போட்டு மிதி. உழவனுக்கும் மாட்டுக்கும் மிஞ்சியதைப் பெண்கள் கால் மிதிக்கும். கண்ணாத்தாள் மிதித்தால் சேறு வெண்ணெயாகும் என்று சுற்று வட்டாரத்தில் பெயர். அவள் மிதித்துவிட்டுப் போன சேற்றில் ஒரு கொக்கு கால் வைத்து, அப்படியே சுகமாகத் தூங்கிப் போய், நடவு முடிந்த பிறகு ஆட்கள்தான் அதைப் பிடுங்கி எடுத்தார்கள் என்று சொல்வதுண்டு.

ஆடியில் தண்ணீர் வந்ததும் கொல்லையைச் சுற்றி வரப்பு எடுத்தாள். வாய்க்காலை வெட்டிவிட்டாள். பூவரசு, கொளுஞ்சி, வேப்பந்தழை எல்லாம் கட்டுக் கட்டாக வந்தன. முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு அவளும் மாரியப்பனும் இறங்கினார்கள். கீழத்தெரு முழுக்க வேடிக்கை பார்க்க வந்துவிட்டது.

"என்னடி கண்ணாத்தா, கொல்லையில குறுவையா?" என்றாள் எதிர்வீட்டுக் காளியம்மாள்.

"சம்பா!" என்றாள் கண்ணாத்தாள், சேறு தெறிக்க.

மிதித்தார்கள். தழை தெரியாமல் போகிற வரைக்கும் மிதித்தார்கள். சேறு பளபளவென்று முகம் பார்க்கிற மாதிரி ஆனது. தண்ணீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் வரப்பைக் கையால் மெழுகினாள். தண்ணீர் சுண்டியதும் கத்தரி நாற்றையும் மிளகாய் நாற்றையும், நெல் நாற்று நடுகிற மாதிரியே வரிசை பிடித்துப் பின்னால் நகர்ந்துகொண்டே நட்டு முடித்தாள். முடித்துவிட்டு இடுப்பில் கை வைத்துப் பார்த்தபோது, ஊரிலேயே அழகான கத்தரி வயல் அதுதான்.

பிறகு வெயில் அடித்தது.

முதலில் ஓரம் வெடித்தது. பிறகு நடு. சேறு பாளம் பாளமாகக் காய்ந்து, ஒவ்வொரு பாளத்தின் மேலும் உப்பு பூத்தது. கத்தரி நாற்றின் கழுத்தைச் சுற்றி மண் இறுகி, செடி நின்ற நிலையிலேயே காய்ந்தது. மாரியப்பன் கடப்பாரையால் ஒரு போடு போட்டான். கோயில் மணி அடித்த மாதிரி 'ணங்' என்றது. அந்தச் சத்தம் கேட்டுப் பக்கத்து ஊரில் ஒருவர் பூசைக்குக் கிளம்பிவிட்டார் என்று காளியம்மாள் சொல்லித் திரிந்தாள்.

பஞ்சநாதன் குடையோடு வந்து பார்த்தார். குனிந்து விரல் மடக்கித் தரையைத் தட்டினார்.

"காரை போட்டிருக்கியா புள்ள? நல்லா வழவழன்னு இருக்கு. ஐயாவோட நடுக்கூடத்துல கூட இவ்வளவு நேர்த்தி இல்ல."

மாரியப்பனுக்குக் கோபம் வந்தது. கண்ணாத்தாளுக்கு வந்தது வேறு. அவர் போன பிறகு பாளம் ஒன்றைப் பெயர்த்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி அதையே பாக்குற? சுட்டுத் திங்கப் போறியா?" என்றான் மாரியப்பன்.

"இல்ல, இது ஏன் இப்புடிப் பண்ணுச்சு? அதே காலு, அதே தழை, அதே தண்ணி. வயல்ல மிதிச்சா சிரிக்குது. இங்க மிதிச்சா மூஞ்சத் தூக்கி வச்சிக்குது. நெல்லுக்கும் கத்தரிக்கும் நடுவுல ஏதோ இருக்கு. யாரும் நமக்குச் சொல்லல."

"கத்தரிக்காய்க்கிட்டயே கேளு."

கேட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து அவளுக்குப் பித்துப் பிடித்தது. எங்கே எந்தச் செடி தானாக முளைத்து நின்றாலும் அதன் காலடியில் போய் உட்கார்ந்துவிடுவாள். அப்படித்தான் களத்துமேட்டின் ஓரத்தில் ஒரு பூசணியைக் கண்டுபிடித்தாள். நெல் தூற்றிய பதரையும் கருக்காயையும் தள்ளிவிடுகிற குவியலில், யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் விடாமல், யானைக்காது அளவுக்கு இலை விட்டு அது படர்ந்து கிடந்தது. காயும் அப்படித்தான். அந்தப் பூசணியின் நிழலில் ஒரு வெள்ளாடு குட்டி போட்டது என்பார்கள். குட்டி வளர்ந்து அதே காயின் அந்தப் பக்கம் போய் வழி தெரியாமல் கத்தியது என்றும் சொல்வார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

கண்ணாத்தாள் குவியலில் கையை விட்டாள். கை முழங்கை வரைக்கும் போனது. உள்ளே வெதுவெதுவென்று இருந்தது, கோழி அடை காத்த இடம் போல. மண்ணுக்குள் கையை விட்டு இவ்வளவு தூரம் போனது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சேற்றுக்குள் போயிருக்கிறாள்; அது தண்ணீருக்குள் போவது. இது வேறு. உள்ளே காற்று இருந்தது.

"மிதிக்காத எடம்!" என்று உரக்கச் சொல்லிவிட்டாள். அக்கம்பக்கத்தில் மேய்ந்த மாடு நிமிர்ந்து பார்த்தது. பதர்க் குவியலை யாரும் மிதிப்பதில்லை, அரிக்கும் என்று.

பாதிதான் புரிந்தது. உப்பு மீதியாக நின்றது. அதைத் தெளிய வைத்தவள் மீன்காரி சுந்தரி. பூம்புகார்ப் பக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ்ஸில் கூடையோடு வந்து, கீழத்தெரு பூவரச மரத்தடியில் உட்கார்ந்து மீன் அறுத்துக் கொடுக்கிறவள். நாக்கு அரிவாள்மணையைவிடக் கூர்மை.

"யக்கா, கொல்லையைக் கருவாடு போட்டு வச்சிருக்கியாமே?"

"நீதான் கருவாட்டுக்காரியாச்சே. ஒனக்குத்தான் தெரியணும். உப்பை எப்புடி எடுக்கறது?"

"இதென்ன கேள்வி? கருவாட்டுக் கொழம்பு வைக்கிறப்ப என்ன பண்ணுவ? தண்ணியில ஊறப் போடுவ. அப்புறம்?"

"தண்ணியைக் கொட்டுவேன்."

"கொட்டுவல்ல? அப்புடியே அடுப்புல வச்சுச் சுண்ட வச்சா என்னாவும்?"

 ஒரு சொட்டுகூட வெளியே போகாமல் வரப்பு மெழுகியது கண்ணாத்தாளுக்கு நினைவுக்கு வந்தது. நெல்லுக்குத் தண்ணீரைக் கட்டிப் பழகிய கை. கடைமடைக்காரிக்குத் தண்ணீரை வெளியே விடுவதென்றால் பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கிற மாதிரி.

"அடிப் பாவி மவளே," என்றாள், தன்னையா சுந்தரியையா என்று தெரியாமல்.

அந்த ஐப்பசி கார்த்திகை மழைக்கு அவள் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டாள். மழைத் தண்ணீரைக் கொல்லையில் நிற்கவிட்டு, ஊறவிட்டு, வரப்பை வெட்டி வாய்க்காலில் வடித்தாள். மறுபடி நிற்கவிட்டு மறுபடி வடித்தாள். ஒவ்வொரு தடவையும் வடிகிற தண்ணீரை நக்கிப் பார்த்தாள். மழை விட்டதும் தழை உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்தாள். உப்போ சேறோ, அதற்குக் கவலை இல்லை. தலைக்கு மேல் வளர்ந்தது. வெட்டினாள். பழக்கதோஷத்தில் மாரியப்பன் மிதிக்கக் காலைத் தூக்க, "வச்சீங்க, காலை ஒடிச்சுப்புடுவேன்!" என்று ஒரு சத்தம் போட்டாள். தழை வெட்டிய இடத்திலேயே வெயிலில் கிடந்து மக்கியது.

தை அறுவடை முடிந்ததும் பதரைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து பரப்பினாள். அதன்மேல் சாணி. சுந்தரி அறுத்துப் போடுகிற செதிலும் குடலும் பூவரச மரத்தடியிலிருந்து கொல்லைக்கு இடம் மாறின. பதிலுக்குச் சுந்தரி மீன்கூடைக்கு வைக்கோல் வாங்கிக்கொண்டாள். அந்த மீன் வாடைக்கு ஏழூர்ப் பூனைகளும் கூடி, கொல்லையில் ஒரு பஞ்சாயத்தே நடத்தின. மேலே ஒரு முழம் மண் போட்டு மூடிய பிறகுதான் கலைந்தன. சித்திரையில் குளம் வற்றியபோது, யாரும் சீந்தாத வண்டலை வாரிக் கொட்டினாள். எல்லாவற்றையும் ஒரே மாதிரி போடவில்லை. இங்கே பதரும் வண்டலும், அங்கே மீனும் சாணியும் என்று பட்டை பட்டையாகப் போட்டு, எது எப்படி ஆகிறது என்று தினமும் கையை விட்டுப் பார்த்தாள்.

எல்லாம் சரியாகவும் வரவில்லை. களத்துமேட்டுப் பக்க மூலையில், "உமிச் சாம்பலுக்கு மிஞ்சின உரம் உண்டா?" என்று காளியம்மாள் சொன்னதைக் கேட்டு, தெருவில் இருந்த அடுப்புச் சாம்பலையெல்லாம் கொண்டுபோய்க் கொட்டினாள். வேறு மண்ணுக்கு அது உரமாக இருக்கலாம். இந்த உவருக்கு எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றிய கதை. மற்ற இடமெல்லாம் கறுத்துவர, அந்த மூலை மட்டும் முன்னைவிட வெளுத்துக்கொண்டு வந்தது. கண்ணாத்தாள் அதன் முன்னால் ஒரு முழுக்காலைப் பொழுது உட்கார்ந்து, "ஏன்?" என்று கேட்டாள்.

ஆர்.ஐ. இதோ வருகிறார், அதோ வருகிறார் என்று ஒரு வருஷம் ஓடியது. அறுவடைச் சண்டையில் போலீஸ் வந்து தங்கியதில் தாலுகா ஆபீஸ் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கண்ணாத்தாளுக்கு அது நல்லதாகப் போயிற்று.

ஒருநாள் காலையில் கொல்லையிலிருந்து அவள் போட்ட கூச்சலில், பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்து மாரியப்பன் தடியோடு ஓடி வந்தான். அவள் உள்ளங்கையை நீட்டினாள். அதில் ஒரு மண்புழு நெளிந்தது.

"இதுக்கா?"

"மெதுவா பேசுங்க. வந்திருக்கு."

"யாரு கூட்டியாந்தா?"

"அதான் தெரியல. நேத்து இல்ல. இந்தச் சுத்துல எங்கயும் இல்ல. உப்பு மண்ணுல இது எங்கேருந்து கெளம்பி எப்ப வந்துச்சு? யாரு சொல்லி வந்துச்சு?" மகள் வீட்டிலிருந்து ஆள் வந்தால்கூட அவள் அவ்வளவு உபசரித்ததில்லை. கையை மண்ணோடு மண்ணாகத் தாழ்த்தி, அது தானாக இறங்கிப் போகிற வரைக்கும் காத்திருந்தாள்.

அதற்குப் பிறகு கொல்லைக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டமாயிற்று. குறுக்கே ஒரு பனஞ்சட்டத்தைப் போட்டு, அதன்மேல் நின்றுதான் களை எடுப்பாள். வாய்க்காலுக்குப் போவதென்றாலும் அதன்மேல்தான். ஆடியில் விதைத்தது ஆவணியில் பந்தலேறியது. அவரை, கத்தரி, மிளகாய், பூசணி. கத்தரிக்காய் இருட்டில் உருண்டையாகத் தொங்குவதைப் பார்த்துப் பஞ்சநாதனின் மாடு ஒருநாள் எஜமானரின் தலை என்று நினைத்து வணக்கம் வைத்ததாகக் கேள்வி.

புரட்டாசியில் ஆர்.ஐ. வந்தார். இராஜாங்கம் என்று பெயர். வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு, எதிலும் சிக்கிக்கொள்ளக் கூடாது என்கிற முகம். சங்கிலி பிடிக்கிற தலையாரி பின்னால். குடையோடு பஞ்சநாதன் பக்கத்தில். கீழத்தெரு முழுக்க அதற்குப் பின்னால். துரைராசு சிவப்புத் துண்டோடு ஓரமாக நின்றான்.

பஞ்சநாதன் செடிகளைப் பார்த்தார். ஒருகணம் வாய்க்கு ஓய்வு கிடைத்தது. அடுத்த கணம் சமாளித்துக்கொண்டார்.

"இதெல்லாம் நேத்து நட்டதுங்க சார். இந்த மண்ணே இவுங்களுது இல்ல. ஐயா குளத்து வண்டல். வாரியாந்து கொட்டியிருக்காங்க. மண்ணு எங்களுது, மண்ணுல மொளைச்சதும் எங்களுது."

"அப்படியாம்மா?" என்றார் ஆர்.ஐ.

"ஆமாங்கய்யா, வண்டல் அவுங்க குளத்துதுதான்" என்றாள் கண்ணாத்தாள். துரைராசு நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"நான் உள்ள போய்ப் பாக்குறேன்" என்று ஆர்.ஐ. செருப்புக் காலைக் கொல்லைக்குள் தூக்கி வைக்கப் போனார்.

"காலை எடுங்கய்யா!"

அந்தச் சத்தத்தில் அவரைப் பந்தலிலிருந்த தவிட்டுக் குருவிகள் பறந்தன. ஆர்.ஐ.யின் கால் அந்தரத்தில் நின்றது. ஒரு காலில் கொக்கு மாதிரி ஆடினார். தலையாரி சங்கிலியைக் கீழே போட்டுவிட்டான். கீழத்தெருப் பெண் ஒருத்தி சர்க்கார் அதிகாரியைப் பார்த்துக் காலை எடு என்று சொன்னதை, சேந்தங்கரை அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"யாரப் பாத்து என்ன பேசுற நாயே!" என்று குடையை ஓங்கினார் பஞ்சநாதன்.

"கொடையை எறக்குங்க," என்றான் துரைராசு.

கண்ணாத்தாளுக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. "தப்பா நெனைக்காதீங்கய்யா. மிதிச்சா எறுகிப் போயிரும். உள்ள மூச்சு இருக்கு. போன வருசம் நானே மிதிச்சு மிதிச்சுக் கொன்னுப்புட்டேன். வேணும்னா கையை வுட்டுப் பாருங்க."

ஆர்.ஐ. காலைப் பத்திரமாகப் பின்னால் வைத்தார். என்ன நினைத்தாரோ, குனிந்து, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, மண்ணுக்குள் கையை விட்டார். மணிக்கட்டு போயிற்று. இன்னும் கொஞ்சம் போயிற்று. முகத்தில் இருந்த 'சிக்கிக்கொள்ளக் கூடாது' கொஞ்சம் தளர்ந்தது.

"சூடா இருக்கே?"

"இருக்குங்கய்யா. ஏன்னு எனக்கும் தெரியல."

"சார், வண்டல்…" என்று தொடங்கினார் பஞ்சநாதன்.

"அவுங்க வண்டலை அவுங்க எடுத்துக்கட்டும்ங்க," என்றாள் கண்ணாத்தாள். ஒரு கை மண்ணை அள்ளினாள். சொன்னபடி வண்டலைப் பிரித்துக் கொடுத்துவிடலாம் என்றே நினைத்தாள் போலிருக்கிறது. விரலால் கிளறினாள். பதர் எது, சாணி எது, மீன் எது, வண்டல் எது? நக்கிப் பார்த்தாள். நாகூரில் நாலு வருஷத்துச் சண்டையைக் கண்டுபிடித்த நாக்கு திகைத்து நின்றது. மறுபடி நக்கினாள். "அட," என்றாள், சுற்றி நின்ற கூட்டத்தை மறந்து. "காணோமே! எல்லாம் போட்டேன், ஒண்ணுகூட காணோம். இது வேற எதுவோ."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஆர்.ஐ. சிரிக்கவில்லை, கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

"நான் மண்ணை அளக்க வரல பஞ்சநாதன். இடத்தைத்தான் அளக்க வந்தேன்" என்றார். தலையாரியைப் பார்த்து, "ஓரமாவே போ. உள்ள கால் வைக்காத" என்றார்.

அவர் முன்னால் நடந்தார். சங்கிலி பின்னால் வந்தது. குடிசை ஓரம், பந்தல் ஓரம், வாய்க்கால் கரை. கறுத்த மண்ணைச் சுற்றிச் சுற்றி, கால் படாத இடத்துக்கெல்லாம் வெளியே கால் பதித்து அவர் நடக்க, முளை அடித்துக்கொண்டே வந்தான் தலையாரி. வாய்க்கால் கரையில் முளை இறங்கியபோது கண்ணாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வாய்க்கால் தண்ணீர் வரைக்கும் வழி இனி அவளுடையது.

கடைசியில் களத்துமேட்டுப் பக்க மூலைக்கு வந்தார். வெள்ளைத் தரையில் செருப்பு சரக்கென்று பதிந்தது. யாரும் கத்தவில்லை. ஆர்.ஐ. நின்று திரும்பினார்.

"இங்க மிதிச்சேன். நீ ஒண்ணும் சொல்லலையே?"

'சொல்லு, சொல்லு' என்று துரைராசு கண்ணால் ஜாடை காட்டினான். ஒரு பொய் போதும். எருக்குழி வெட்டப் போகிறேன் என்றால் போதும். ஊரில் இல்லாத கதையெல்லாம் அவள் பெயரில் உலவுகிறது. ஆனால் மண்ணைப் பற்றிக் கேட்டால் அவளுக்குப் பொய் வராது.

"அங்க ஒண்ணும் இல்லீங்கய்யா. சாம்பலைக் கொட்டிக் கெடுத்துப்புட்டேன்."

துரைராசு வானத்தைப் பார்த்தான். ஆர்.ஐ. சங்கிலியை அந்த மூலைக்கு முன்னாலேயே திருப்பச் சொன்னார். பாய் விரிக்கிற அளவு முக்கோணம் ஒன்று வெளியே நின்றது. பஞ்சநாதன் அதையாவது விடுவாரா? மறுநாளே கருவமுள் வெட்டிவந்து அந்த முக்கோணத்தைச் சுற்றி வேலி போட்டுவிட்டார்.

"அத்தனையும் குடுத்தவரு அதையும் சேத்துக் குடுத்திருப்பாரு. ஒன் வாயி இருக்கே," என்று அன்று முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தான் மாரியப்பன். குடத்தை எடுத்துக்கொண்டு பனஞ்சட்டத்தின் மேல் நடந்து, சொந்தக் கொல்லை வழியாக வாய்க்காலுக்குப் போய்த் திரும்பி வந்த கண்ணாத்தாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, பதரும் மீன் குடலும் மக்கிய ஒரு கூடையை எடுத்துப் போய், மூலையில் நின்று, இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, வேலிக்கு மேலாக அந்தப் பக்கம் கொட்டினாள்.

"ஏய், அது அவுங்க எடம்டி!"

"எடம் அவுங்களுதுதான்," என்றாள் அவள், முள்ளுக்குள் முகத்தை நுழைத்து எட்டிப் பார்த்தபடி. "சாம்பலுக்கு மேல இதைப் போட்டா உப்பு எறங்குதா இல்லியான்னு பாக்க வேணாமா?"